முழுப்பேர்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாத் தமிழருக்கும் தெரிந்தது. இன்னொன்று, ஒரு நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு ஏறி, தோட்டம் கேட்கிற கிலோவுக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் ஒனக்கு எத்தன பேரு?" என்று ஒருத்தி கேட்டால், எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று அர்த்தம். கொழுந்து இல்லாத மாதத்தில் "பதினாலு பேருதான்" என்று வருகிற பதிலுக்குள் ஒரு வீட்டின் அரிசிக் கணக்கு, கடைக் கடன், பிள்ளையின் சப்பாத்து எல்லாம் அடங்கியிருக்கும்.

நான் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு வாரம் போயிருக்காது. ஆனால் அதை ஒரு மனுஷியின் பாதிப் பெயர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு ஜப்பானியப் படம். பிள்ளைகளுக்காக எடுத்த படம்.

'ஸ்பிரிடட் அவே' என்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் படம் 2001 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. இயக்கியவர் ஹயாவோ மியாசாகி, தயாரித்தது ஸ்டூடியோ ஜிப்லி. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. 2003இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதும் கிடைத்தது. தனக்குத் தெரிந்த குடும்பங்களின் பத்து வயதுப் பெண்பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எடுத்ததாக மியாசாகி சொல்லியிருக்கிறார். நாங்கள் அதைப் பார்த்தபோது என் மகளுக்கும் பத்து வயது. ஜூன் மாத மழை; நாலு நாளாக வெளியே தலைகாட்ட முடியவில்லை. மடிக்கணினியைக் காம்பரா என்கிற எங்கள் அறையின் நடுவில் பலகை மேல் வைத்து, நானும் மகளும் என் சித்தியுமாகப் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஹிரோ என்ற பத்து வயதுப் பிள்ளை பெற்றோரோடு புது ஊருக்குக் குடிபோகிறாள். வழி தவறி, ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்து, அந்தப்பக்கம் ஆளில்லாத ஒரு கடைத்தெருவுக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே சுடச்சுட இருந்த சாப்பாட்டைப் பெற்றோர் கேட்பாரில்லை என்று அள்ளித் தின்ன, இரண்டு பேரும் பன்றியாகிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்குகள் எரிகின்றன, தெய்வங்களும் ஆவிகளும் படகில் வந்து இறங்குகின்றன. களைத்துப்போன தெய்வங்கள் வந்து குளித்துப் போகிற பெரிய குளியல் மாளிகை ஒன்று அங்கே இருக்கிறது. அதை நடத்துகிறவள் யுபாபா என்ற சூனியக்காரி. வேலை செய்யாதவர்களை அவள் மிருகமாக்கிவிடுவாள். பிழைக்க ஒரே வழி, அவளிடம் போய் வேலை கேட்பது. கேட்டவருக்கு வேலை இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. அப்படி ஒரு சத்தியத்தில் அவளும் கட்டுப்பட்டிருக்கிறாள்.

பிள்ளை வேலை கேட்கிறாள். யுபாபா ஒரு கொந்தரப்புக் கடதாசியை, அதாவது வேலை ஒப்பந்தத்தை, நீட்டுகிறாள். சிஹிரோ தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். அப்போது யுபாபா கையை நீட்ட, அந்தக் கடதாசியிலிருந்து எழுத்துகள் பூச்சிபோல எழும்பி அவள் உள்ளங்கைக்குள் போய்விடுகின்றன. ஒரே ஓர் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. இனிமேல் உன் பெயர் சென், என்கிறாள்.

ஜப்பானிய எழுத்துமுறை தெரியாவிட்டால் இந்த இடம் பாதிதான் புரியும். சிஹிரோ என்ற பெயரை இரண்டு சித்திர எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதல் எழுத்துக்கு ஆயிரம் என்று பொருள். இரண்டாவது ஆழத்தை அளக்கும் ஓர் அளவு, நம் பாகம் மாதிரி. சேர்த்தால் ஆயிரம் பாக ஆழம். கடல் மாதிரி ஒரு பெயர். அதில் ஆழத்தை எடுத்துவிட்டு ஆயிரத்தை மட்டும் விட்டு வைக்கிறாள் யுபாபா. அந்த எழுத்தையே தனியாக வாசித்தால் 'சென்'. அதாவது பிள்ளைக்கு மிஞ்சியது வெறும் எண்.

இந்த இடத்தில்தான் சித்தி, "எங்க கொழும்பு வீட்டுலயும் இப்படித்தான் வெட்டுனாங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தி பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது சாதாரணம். ஒரு தரகர் வருவார், வீட்டில் கொஞ்சம் காசு கொடுப்பார், பிள்ளை காலை ரயிலில் ஏறிவிடும். சித்திக்கு அவருடைய தாத்தா வைத்த பெயர் ஏழு எழுத்து. திருச்சிப் பக்கம் அவர்கள் விட்டுவந்த ஊரின் அம்மன் பெயர். அந்த வீட்டில் அது நீளமாக இருந்ததாம். முதல் இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டார்கள். பிறகு அதுவும் அவர்கள் வாய்க்கு வரவில்லை என்று வேறு ஒன்றாக மாறியது. ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது பீலிக்கரையில் நின்று என் அம்மா அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். சித்தி திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அம்மா நினைத்தாராம். கேட்டது, ஆனால் அது தன்னைத்தான் என்று தெரியவில்லை என்று சித்தி எனக்குச் சொன்னது அந்த மழை நாளில்தான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டுமானால் அதை அவர்தான் எழுத வேண்டும்.

படத்திலும் அதேதான் நடக்கிறது. கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையில் ஹகு என்ற பையன் சிஹிரோவின் பழைய உடுப்பை ரகசியமாகக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதற்குள் பழைய பள்ளித் தோழி கொடுத்த வாழ்த்து அட்டை இருக்கிறது. அதில் தன் பெயரை வாசித்த பிறகுதான் அவளுக்கு அது தன் பெயர் என்று நினைவு வருகிறது. ஒரே ராத்திரியில் மறந்துபோயிருக்கிறாள். பெயரை எடுத்துக்கொண்டுதான் யுபாபா ஆட்களை ஆளுகிறாள், மறந்துவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியும் மறந்துவிடும் என்று ஹகு எச்சரிக்கிறான். வெளியில் சென் என்று இரு, உள்ளே உன் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொள் என்கிறான். அவனுக்கோ தன் பெயர் எப்போதோ மறந்துபோய்விட்டது.

சொல்லுக்குள் ஓர் ஆவி உண்டு என்பது ஜப்பானியர்களின் பழைய நம்பிக்கை. அதை அவர்கள் 'கொதொதமா' என்கிறார்கள். சொல்லைச் சும்மா உதிர்க்கக் கூடாது, சொன்னது நடக்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விளக்கு வைத்த நேரத்தில் இல்லை என்று சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது அப்பர் பற்றிக்கொண்டது ஒரு பெயரைத்தான். பெயர் என்பது ஆளைக் கூப்பிடும் சத்தம் மட்டும் என்றால் அந்தக் கதைக்கே இடமில்லை.

மலைநாட்டில் பெயர் பறிபோவது மந்திரக் கதை இல்லை, நிர்வாக நடைமுறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த ஆட்களுக்குத் தகரத்தில் வெட்டிய வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற எந்த ஆள் என்பதை அதில் இருந்த எண்கள் சொல்லும். துண்டு முறையும் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறுவதென்றால் கடன் கணக்கை எழுதிய துண்டு இல்லாமல் நகர முடியாது. 1921இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. யாரையும் கேட்கவில்லை. ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில், அண்ணன் ஒரு கணக்கிலும் தங்கை ஒரு கணக்கிலும் விழுந்த குடும்பங்கள் எத்தனையோ. பிரச்சினை பெரும்பாலும் தீரவே 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன.

இத்தனைக்கும் நடுவில் எழுத்துப்பிழை வேறு. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, என் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது; சொன்ன என் அப்பாயிக்கு எழுதத் தெரியாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்கு நான் ஏறி இறங்கிய படிகளைச் சொல்லி மாளாது. தோட்டத்தில் இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கதை உண்டு. இதைப் பெரிய கொடுமை என்று யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் நடந்தது. எனக்கு இது கொடுமையாகத்தான் படுகிறது. ஒருவரின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுத ஒரு நிமிஷம் போதும்.

இவ்வளவையும் மியாசாகி நினைத்து எடுத்தாரா? இல்லை. அவர் ஜப்பானைப் பற்றி எடுத்தார். படத்தின் ஜப்பானியத் தலைப்பில் 'கமிகக்குஷி' என்று ஒரு சொல் வருகிறது. தெய்வம் ஒளித்துவைத்தது என்று பொருள். முன்காலத்தில் ஒரு பிள்ளை திடீரென்று காணாமல் போனால் ஜப்பானில் அப்படிச் சொல்வார்களாம். தங்கள் வேரை மறந்து தின்று தீர்க்கிற தலைமுறையைப் பற்றியும், பழைய தெய்வங்களுக்கு இடமில்லாமல் போன நாட்டைப் பற்றியும் அவருக்குக் கவலை இருந்தது. அது அவருடைய மண். படத்தின் அர்த்தத்தை நம் பக்கம் இழுத்துக்கொள்வது வேறு, படம் தட்டுகிற இடத்தில் நம் வீட்டுக் கதவும் இருப்பது வேறு. எனக்கு நடந்தது இரண்டாவது.

தெய்வங்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஷின்தோ மரபில் தெய்வத்தைக் 'கமி' என்பார்கள். எண்பது லட்சம் கமிகள் என்று ஒரு வழக்கு உண்டு. எண்ணி முடியாதவை என்பதைச் சொல்லும் கணக்கு அது. மலை, ஆறு, மரம், அடுப்பு, பயிர் எதிலும் கமி இருக்கலாம். அதனால்தான் குளியல் மாளிகைக்கு முள்ளங்கி மாதிரி ஒரு தெய்வம் வருகிறது, மஞ்சள் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு கூட்டம் வருகிறது. கொழும்பில் இருக்கிற என் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, 'நல்ல கற்பனை' என்றார். என் மகள் அப்படிப் பார்க்கவில்லை. "நம்ம ரோதமுனி மாதிரி" என்றாள்.

எங்கள் தோட்டத்து இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பின்னால் ரோதமுனிக்கு ஒரு கல் இருக்கிறது. ரோதை என்றால் சக்கரம். தேயிலை அரைக்கும் இயந்திரத்தின் சக்கரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் அந்த முனிதான் என்பது பழைய ஆட்களின் நம்பிக்கை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது மலையிலேயே கத்தியை வைத்துக் கும்பிடுகிற கவ்வாத்துசாமியும் இருக்கிறார். இந்தத் தெய்வங்கள் கப்பலில் வந்தவை அல்ல. மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் கூட வந்தார்கள். ஆனால் ரோதமுனி இங்கே, இந்த வேலைக்குள் பிறந்த சாமி. கைவிரல் போகக்கூடிய இயந்திரத்துக்கு முன்னால் நின்று, ஒரு தொழிலாளி தனக்கென்று கண்டுபிடித்துக்கொண்ட துணை. மலையகத்து மக்கள் இந்த மண்ணில் வேர் விட்டதற்கு எந்தச் சட்டத்தையும்விட ரோதமுனிதான் எனக்குப் பெரிய சாட்சி.

கமியும் முனியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவரவர் வழிபாட்டுக்கு அவரவர் கதை உண்டு. ஆனால் வேலை நடக்கிற இடத்தில் தெய்வம் இருக்கும், அதற்கும் களைப்பு வரும், அதையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஜப்பானியப் பிள்ளைக்கும் தலவாக்கலைப் பிள்ளைக்கும் விளக்கம் இல்லாமலே புரிகிறது.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது சண்டையோ பறப்பதோ இல்லை, ஒரு குளியல். நாற்றமெடுத்த சேற்றுக் குவியல் ஒன்று குளிக்க வருகிறது. யாரும் கிட்டப் போக முடியவில்லை. புது ஆள் என்று சிஹிரோவைத் தள்ளிவிடுகிறார்கள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறாள். அதன் விலாவில் முள் மாதிரி ஏதோ குத்தியிருப்பது கைக்குத் தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோருமாக இழுக்கிறார்கள். வந்தது ஒரு சைக்கிள். அதற்குப் பின்னால் மலைபோலக் குப்பை கொட்டுகிறது. எல்லாம் போனதும் அந்தச் சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய ஆற்றுத் தெய்வம் சிரித்துக்கொண்டு பறந்து போகிறது. நாற்றமடித்தது தெய்வம் இல்லை, அதன் மேல் நாம் போட்டது. தான் ஓர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது உள்ளேயிருந்து சைக்கிள் ஒன்றை இழுத்து எடுத்த அனுபவத்திலிருந்து இது வந்ததாக மியாசாகி சொல்லியிருக்கிறார்.

கொத்மலை ஓயா தலவாக்கலை வழியாகத்தான் ஓடுகிறது. பாலத்தில் நின்று கீழே பார்த்தால் பிளாஸ்டிக் போத்தலும் உடுப்பும் பொலித்தீனும் கல்லில் சுற்றிக் கிடக்கும். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கியபின் ஆற்றின் பெரும்பகுதி மலைக்குள் வெட்டிய சுரங்கம் வழியே போகிறது. சென்கிளேயர் அருவி எங்கள் சின்ன வயதில் பார்த்த அருவி இல்லை. இன்னும் மேற்கே மஸ்கெலியாவில் பழைய ஊரே 1969இல் கட்டி முடித்த மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அப்போது ஆட்கள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள், சிலர் கற்பூரம் ஏற்றுவார்கள். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, அந்த மின்சாரத்தில்தான் இந்தப் படத்தையும் பார்த்தேன். ஆனால் மூடப்பட்ட ஓர் ஆற்றுக்கு, மூழ்கிய ஒரு கோயிலுக்கு, என்ன ஆகும் என்ற கேள்வியை எந்தப் பொறியியல் அறிக்கையும் எனக்குக் கேட்டுத் தரவில்லை. இந்தப் படம் கேட்டது.

ஏனென்றால் ஹகு ஓர் ஆறு. படத்தின் கடைசிப் பகுதியில் அவன் டிராகனாகப் பறக்க, சிஹிரோ அவன் முதுகில் உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயதில் தான் ஓர் ஆற்றில் விழுந்ததாக அம்மா சொன்னது அவளுக்கு நினைவு வருகிறது. அந்த ஆறு இப்போது இல்லை, அதை மூடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். அதன் பெயர் கொஹகு. அதைச் சொன்ன நொடியில் அவன் உடம்பின் செதில்கள் எல்லாம் பூவாகச் சிதறுகின்றன. தன் முழுப் பெயர் நிகிஹயாமி கொஹகுநுஷி என்று அவனுக்கு நினைவு வந்துவிடுகிறது. வீடு இடிந்த ஒரு தெய்வத்துக்கு அதன் பெயரை ஒரு பிள்ளை திருப்பிக் கொடுக்கிறாள். மந்திரம் எதுவும் இல்லை. அவள் ஞாபகம் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. பலகையில் இருப்பது டன்சினேன் மாதிரி ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பெயராக இருக்கும். அப்பாயிமார் வாயில் வேறு ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும். மலைகளுக்கும் அப்படித்தான், செக்ரோலில் அது ஒரு நம்பர், கொழுந்து எடுக்கிறவர்களிடம் அது ஆலமரத்து மலை, பேய் விரட்டின மலை. அந்தப் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. சொல்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபின் நானும் மகளும் ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை முப்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் வேலை. இந்தப் படத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். பிள்ளைகள் படங்களில் கெட்டவளைத் தோற்கடித்துத் தப்பிப்பார்கள். சிஹிரோ யாரையும் தோற்கடிப்பதில்லை. தரை துடைக்கிறாள், தொட்டி தேய்க்கிறாள். அடித்தளத்தில் கொதிகலன் அறை; ஆறு கையோடு கமாஜி என்ற கிழவர் ஓயாமல் வேலை செய்கிறார். கரித்தூளால் ஆன குட்டி உருவங்கள் ஆளுக்கொரு கரித்துண்டைச் சுமந்து அடுப்பில் போடுகின்றன. வேலை நின்றால் அவை வெறும் கரியாகிவிடும். இஸ்டோரில் விறகடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வெக்கையும் சத்தமும் தெரியும். வேலை இருந்தால்தான் இருப்பு என்ற விதியும் தெரியும். வீட்டில் ஒருவர் பேராவது செக்ரோலில் இருந்தால்தான் லயக்காம்பரா என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆனாலும் மியாசாகி வேலையைத் தண்டனையாகக் காட்டவில்லை. வேலை செய்யச் செய்ய அந்தப் பிள்ளைக்கு முதுகு நிமிர்கிறது. அவள் ஆன்மாவை நசுக்கியது வேலை இல்லை, கொந்தரப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டியது எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. என் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அவர் விரல் ஓடுகிற வேகத்தில் ஓர் அழகு இருந்தது, அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. வேலையை வெறுத்துத்தான் அநியாயத்தை எதிர்க்க முடியும் என்று படிக்கிற வயதில் நான் நம்பினேன். அம்மாவின் கைகளை அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

நடுவில் ஒரு சின்னக் காட்சி. ஹகு அவளுக்கு ஒரு சோற்று உருண்டை கொடுக்கிறான். கடித்ததும் கண்ணிலிருந்து பெரிய பெரிய துளிகளாகக் கண்ணீர் விழுகிறது, அழுதுகொண்டே தின்கிறாள். அதுவரை அவள் அப்படி உடைந்து அழுததில்லை. பயத்தில் அழவில்லை, ஒருவர் அன்பாகச் சோறு கொடுத்தபோதுதான் அழுகை வந்தது. சித்தி இந்த இடத்தில் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

முகமில்லாத ஓர் உருவமும் வருகிறது. வெள்ளை முகமூடி, குரல் கிடையாது. பிறரை விழுங்கி அவர்கள் குரலில் பேசும். தங்கம் கொட்டி எல்லோரையும் மயக்கும். தின்று தின்றும் அடங்காது. சிஹிரோ அதனிடம் தங்கம் வாங்கவில்லை. நீ எங்கிருந்து வந்தாய், உன் வீடு எங்கே என்று கேட்கிறாள். அதற்குப் பதில் தெரியவில்லை. இதைப் பணத்தாசை என்று விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒருவரின் பசி அது. கடைசியில் ஊருக்கு வெளியே, ஒரு கிழவி வீட்டில், நூல் நூற்கிற வேலையோடு அது அமைதியாகிறது. அந்த வீட்டுக்குப் போகிற ரயில் தண்ணீர் மேல் ஓடுகிறது. பேச்சே இல்லாத சில நிமிஷங்கள். ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் இரவு ரயிலில் போகும்போது, கண்ணாடியில் தன் முகம் மட்டும் தெரிகிற அந்த நேரம் தெரிந்தவர்களுக்கு இந்த ரயில் புதிதில்லை.

தேவாலயத்துக்குப் போகிற என் தோழி ஒருத்தி, சூனியக்காரியும் வேறு தெய்வங்களும் வருகிற படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படம் யாரையும் எதையும் கும்பிடச் சொல்லவில்லை என்றேன். அது கேட்பதெல்லாம், அடுத்தவர் பொருளை அள்ளித் தின்னாதே, நன்றி சொல்ல மறக்காதே, உதவியவரை விட்டுவிட்டு ஓடாதே, உன் பெயரை மறக்காதே. தோழி பார்த்துவிட்டு எனக்கு ஒரு வசனத்தை அனுப்பினாள், கடவுள் ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பது பற்றியது. எனக்கு வந்த நினைவு வேறு. வெள்ளிக்கிழமை அருச்சனைத் தட்டை நீட்டும்போது ஐயர் பேர், நட்சத்திரம் கேட்பார். வாரம் முழுக்க எண்ணாகவும் கிலோவாகவும் இருந்தவள் அந்த ஒரு நிமிஷம் தன் பெயரை முழுசாகச் சொல்லுவாள். அது வாய்விட்டுச் சாமி முன்னால் திரும்பச் சொல்லப்படும். அம்மா காய்ச்சலிலும் அருச்சனைக்கு ஏன் போனார் என்று எனக்குப் புரிய இவ்வளவு நாளாகியிருக்கிறது. அங்கே அரைப்பேர் கிடையாது.

கடைசியில் யுபாபா ஒரு சோதனை வைக்கிறாள். நிற்கிற பன்றிகளில் உன் அப்பா அம்மா யார் என்று சொல். இதில் அவர்கள் இல்லை என்கிறாள் சிஹிரோ. அது சரி. கொந்தரப்புக் கடதாசி இல்லாமல் போகிறது. அவள் திரும்பிப் பார்க்காமல் சுரங்கத்தைத் தாண்டுகிறாள். பெற்றோருக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் கிழவி வீட்டில் அவளுக்காக நூற்றுப் பின்னிக் கொடுத்த முடிக்கயிறு தலையில் மின்னுகிறது.

மகளுக்கு அது போதுமாக இருந்தது. போர்வையை மடித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மழைத்தண்ணி பிடிக்கப் போனாள். சித்தி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"அந்த இன்னொரு புள்ள என்னா ஆச்சு?" என்றார்.

எந்தப் பிள்ளை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. ரின்னைத்தான் கேட்டார். சிஹிரோவுக்கு வேலை பழக்கிவிட்டவள், பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தவள். ஒரு ராத்திரி பலகணியில் உட்கார்ந்து, தூரத்தில் ரயில் போவதைப் பார்த்து, நானும் ஒருநாள் இங்கிருந்து போய்விடுவேன் என்று சொன்னவள்.

"அவ போனாளா? அவளுக்கும் முழுப்பேரு ஒண்ணு இருந்திருக்கும்ல?"

தெரியவில்லை சித்தி என்றேன். ராத்திரி அவர் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்து கடைசி அரை மணி நேரத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சிஹிரோ பாலத்தில் நின்று எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு ஓடுகிறாள். ரின் மற்றவர்களோடு நின்று கையசைக்கிறாள். அவ்வளவுதான் இருக்கிறது.